மூளைப் படத்துக்குக் கணக்குத் தந்த தமிழர்

விருதுநகர் பஜாரில் ஒரு பெரிய வியாபாரி. மிளகாய் வற்றல், உளுந்து, நல்லெண்ணெய் விலையெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். வயதான காலத்தில் அவர் பெற்ற மகனின் பெயரையே மறந்து விடுகிறார். பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்கிறார். இப்படிப்பட்ட பெரியவர்களைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். பலருக்கு இதன் காரணம் அல்சைமர் என்ற மூளை நோய்.

இந்த நோய்க்கு மருந்து கொடுத்தால், அது மூளையில் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தப் படத்தை உருவாக்கும் கணக்கைத் தந்தவர்களில் ஒருவர் தமிழர். அவர்தான் ஜி. என். ராமச்சந்திரன்.

ராமனின் மாணவர்

ராமச்சந்திரன் 1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நாராயண அய்யர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மகனுக்கும் கணக்கு என்றால் உயிர்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்தார். 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. ராமன் இருந்தார். இளைஞரின் அறிவைக் கண்ட ராமன், அவரைத் தம்முடைய பௌதிகப் பகுதிக்கே மாற்றிக் கொண்டார். பிறகு ராமச்சந்திரன் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, 1949-ல் தாய்நாடு திரும்பினார்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைப் பௌதிகப் பேராசிரியர் ஆக்கியது. அப்போது அவருக்கு வயது சுமார் 30.

மூன்று இழைப் பின்னல்

நம் தோலிலும் எலும்பிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. அதன் உருவம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் மேல்நாட்டு விஞ்ஞானிகள் திணறிக் கொண்டிருந்தனர். ராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் விடை கண்டனர். பெண்கள் சடை பின்னுவது போல, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டிருக்கின்றன என்று சொன்னார்கள்.

1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து இன்னொரு சாதனை செய்தார். புரத இழை எப்படியெல்லாம் மடங்க முடியும், எப்படி மடங்க முடியாது என்பதை ஒரே வரைபடத்தில் காட்டினார். இன்றும் உலகெங்கும் மாணவர்கள் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்றே படிக்கிறார்கள்.

தீப்பெட்டிக்குள் என்ன?

1971-ல் அவர் கவனம் வேறு பக்கம் திரும்பியது.

சிவகாசித் தீப்பெட்டி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதைத் திறக்காமல் எக்ஸ்ரே படம் எடுத்தால், குச்சிகளின் நிழல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். எந்தக் குச்சி முன்னால், எது பின்னால் என்று தெரியாது. பெட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல பக்கங்களிலிருந்து படம் எடுத்தால், எல்லா நிழல்களையும் சேர்த்து, ஒவ்வொரு குச்சியும் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து விடலாம்.

ஆனால் அது மலை போன்ற கணக்கு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் அதைப் போட்டு முடிக்க நெடுநேரம் பிடித்தது. நிழல்களை அப்படியே சேர்த்தாலோ, படம் மங்கிவிடும். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் ஒரு சுருக்க வழி சொன்னார்கள். ஒவ்வொரு நிழலையும் முதலில் கணக்கால் சலித்துக்கொள்ள வேண்டும். பிறகு சேர்த்தால் படம் தெளிவாக வரும், நேரமும் மிச்சம்.

அதே 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்பீல்ட் என்ற என்ஜினீயரின் கருவி, நோயாளி ஒருவரின் மூளையை முதன்முதலாக ஸ்கேன் செய்தது. அவர் கையாண்டது வேறு கணக்கு. 1979-ல் அவருக்கும் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ராமச்சந்திரனுக்கு அந்தப் பரிசு கிட்டவில்லை. ஆனால் அவர் காட்டிய வழியைப் பிறர் மேலும் செப்பனிட, அது ஸ்கேன் கருவிகளில் பரவியது.

மருந்துக்குப் பரீட்சை

அல்சைமர் நோயில் அமிலாய்டு என்ற புரதம் தவறாக மடங்கி, மூளையில் கட்டி கட்டியாகப் படிகிறது. பெட் ஸ்கேன் செய்யும்போது, இதில் போய் ஒட்டும் கதிர்வீச்சுப் பொருளைச் சிறிதளவு ஊசி மூலம் செலுத்துகிறார்கள். வெளியே வரும் கதிர்களைக் கருவி பிடிக்கிறது. அதைப் படமாக மாற்றவும் இதே வகைக் கணக்குதான் கைகொடுத்தது. இன்று புதிய முறைகளும் வந்துள்ளன.

லெகனெமாப் என்ற மருந்தை 1,795 பேரைக் கொண்டு 18 மாதம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மை மருந்து. மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. முடிவு 2022-ல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களின் மூளையில் அமிலாய்டு குறைந்ததைப் பெட் ஸ்கேன் காட்டியது. நோய் முற்றும் வேகமும் ஓரளவு குறைந்தது. ஆனால் நோய் குணமாகவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் ஏற்பட்டதை வேறு வகை ஸ்கேன் காட்டியது. மருந்தின் நன்மை, தீமை இரண்டையும் படம் சொல்லிவிட்டது.

கடைசிக் காலம்

உலகத்தின் மூளையைப் பார்க்க உதவியவரின் மூளையையும் நோய் விட்டு வைக்கவில்லை. முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரைப் பிடித்தது. அல்சைமர் போலவே, அடியோடு குணமாக்கும் மருந்து இல்லாத நோய் அது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி காலமானார். 2001-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, சென்னையில் ராமச்சந்திரனும் மறைந்தார்.

அவரைக் காப்பாற்ற மருந்து வரவில்லை. ஆனால் நாளை வரப்போகும் மருந்து நல்லதா, கெட்டதா என்று பார்த்துச் சொல்லும் படத்தில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது.