யார் பெயரைச் சொல்லித் திரட்டிய பணம்?

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் குழந்தையின் படம் ஒட்டிய உண்டியலோடு வருகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். படத்தைப் பார்த்துத்தான் பத்து ரூபாய் போடுகிறோம். பணம் அந்தக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்குள் பேருந்து கிளம்பிவிடுகிறது. அப்படிக் கேட்ட ஒருவரின் வாழ்வை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் கேட்டது ஓர் உயர்கல்வி நிறுவனத்தை!

சாம்சன் ஒக்கம் 1723-இல், நம் மண்ணில் வீரமாமுனிவர் வாழ்ந்த காலத்தில், அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் மொஹீகன் என்ற பூர்வகுடியில் பிறந்தார். இளவயதில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு, எலியாசர் வீலாக் என்ற போதகரிடம் நான்கு ஆண்டுகள் படித்தார். 1759-இல் பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வெள்ளைப் போதகர்களுக்குக் கிடைத்த ஊதியம் அவருக்குக் கிடைக்கவில்லை. புத்தகம் கட்டியும், மரக்கரண்டி செதுக்கியும், மீன் பிடித்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

வீலாக் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தி வந்தார். அதற்கு நிதி திரட்ட 1765 இறுதியில் ஒக்கம் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். அவருடைய மனைவி மக்களைக் கவனித்துக்கொள்வதாக வீலாக் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று 300-க்கும் அதிகமான மறையுரைகள் ஆற்றினார் ஒக்கம். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மட்டும் 200 பவுன் கொடுத்தார். மொத்தம் சுமார் 12,000 பவுன் சேர்ந்தது. பூர்வகுடி முகம் ஒன்று பீடத்தருகே நின்று பேசியதால் வந்த பணம் அது. (நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதி, அதில் ஏழைப் பிள்ளைகளின் படத்தை வைக்கிற நமக்கும் இந்த இடம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.)

1768-இல் வீடு திரும்பியவர், வறுமையில் வாடிய குடும்பத்தைத்தான் கண்டார். 1769-இல் வீலாக் அரச சாசனம் பெற்று, நியூ ஹாம்ப்ஷயரில் டார்ட்மவுத் கல்லூரியை நிறுவினார். சாசனத்தில் பூர்வகுடி இளைஞரின் கல்வி முதலில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலேய இளைஞரும் பிறரும் அதற்குப் பிறகே வந்தார்கள். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழானது.

1771-இல் ஒக்கம் தம்மைப் படிக்க வைத்த ஆசிரியருக்கே கடிதம் எழுதினார். கல்லூரி வெள்ளையருக்கானதாக மாறிவிட்டதை நேரடியாகக் கண்டித்தார். அந்நிய நாட்டில் தாம் வேடிக்கைப் பொருளாக நின்றதையும், மக்களிடம் வாய் திறந்து சொன்ன உறுதிமொழிகளையும் நினைவூட்டினார். கொடுத்தவர்கள் நம்பியது அவருடைய சொல்லை அல்லவா? நன்றிகெட்டவர் என்ற பெயர் வரும் என்று அவர் வாய்மூடி இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அதோடு இருவர் உறவும் முறிந்தது.

பின்னர் 1774-இல் ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டார். 1785-இல் தம் மக்களோடு நியூயார்க் பகுதியில் பிரதர்டவுன் என்ற புதிய ஊரை அமைத்தார். 1792-இல் இறந்தார்.

கல்லூரியின் முதல் 200 ஆண்டுகளில் பட்டம் பெற்ற பூர்வகுடியினர் 19 பேர். 1970-இல் தலைவராகப் பொறுப்பேற்ற ஜான் கெமெனி பழைய வாக்கைக் கையிலெடுத்தார். அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே படித்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில், கல்லூரியில் இருந்த ஒக்கமின் கையெழுத்துத் தாள்கள் மொஹீகன் மக்களிடமே ஒப்படைக்கப்பட்டன. அவர் பணம் திரட்டித் திரும்பி அப்போது 254 ஆண்டுகள் ஆகியிருந்தன.