மூச்சைக் காத்த மருத்துவர் வூ லியென் தே



நாம் ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகிறோம். ஆயினும் அதனை நினைத்துப் பார்ப்பதில்லை. சளி பிடித்து மூக்கடைக்கும் இரவிலும், புகைமூட்டம் சூழ்ந்து கண்ணெரியும் நாளிலுந்தான் மூச்சின் அருமை நமக்குப் புலப்படுகிறது. அம்மூச்சின் வழியே பரவிய கொடிய நோயொன்றை எதிர்த்து வென்ற பெருமகனார் ஒருவர் நம் நாட்டிலே பிறந்தவர். அவரே டாக்டர் வூ லியென் தே. அவர்தம் வரலாற்றை இவ்வாண்டு மலரில் உங்களுக்குக் கூற விழைகிறோம்.

வூ லியென் தே 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் சீனாவிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்ற மைந்தர், 1896இல் மகாராணியார் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்கச் சென்றார். பின்னர் லிவர்பூல், பாரிஸ் முதலிய நகரங்களில் நோய்க்கிருமிகளைப் பற்றி ஆராய்ந்தார். 1903இல் தாயகம் திரும்பியவர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றினார். பினாங்கில் அபினிப் பழக்கத்தை ஒழிக்கவும் பாடுபட்டார். 1908இல் சீனா சென்று, தியன்சின் நகர இராணுவ மருத்துவக் கல்லூரியில் பொறுப்பேற்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மக்கள் இரத்தம் கக்கி மாண்டனர். நோய் கண்டவர் இரண்டு மூன்று நாள்களுக்குள் இறந்தனர். காரணத்தைக் கண்டறியுமாறு சீன அரசு வூ லியென் தேயை அனுப்பியது. டிசம்பர் 24ஆம் நாள் அவர் அங்குச் சென்று சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 31.

இறந்த பெண்ணொருத்தியின் உடலை அவர் அறுத்துச் சோதித்தார். நுரையீரலில் பிளேக் கிருமிகள் நிறைந்திருந்தன. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி கடிப்பதால் பிளேக் வருகிறது என்பதே அந்நாளைய மருத்துவர் பலரின் கருத்து. ஆனால் ஹார்பினில் பிடித்துச் சோதித்த எலிகளிடம் கிருமி இல்லை. அப்படியாயின் நோய் எவ்வழியே நுழைந்தது?

இதனை அறிய நம் உடலுக்குள் சற்றே செல்வோம். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்னும் தசை கீழிறங்கும்போது மார்பு விரிகிறது. காற்று உள்ளே பாய்கிறது. மூக்கிலுள்ள மயிரும் சளியும் தூசியைத் தடுக்கின்றன. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, மரக்கிளைபோல் மேலும் மேலும் கிளைத்து, கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. அவ்வறைகளின் மெல்லிய சுவர் வழியே பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது; கரியமில வாயு வெளியேறுகிறது. நன்மை நுழையும் அதே வாயிலில் தீமையும் நுழையலாமன்றோ? நோயாளி இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் அருகிலிருப்பவரின் மூச்சோடு உட்சென்று நோயைப் பரப்புகின்றன என வூ லியென் தே முடிவு செய்தார்.

எனவே அவர் வாயையும் மூக்கையும் காக்க முனைந்தார். அறுவை மருத்துவர்கள் அணிந்துவந்த முகத்துணியை மேம்படுத்தினார். காயங்கட்டும் மெல்லிய துணிமடிப்புகளுக்கிடையே பஞ்சை வைத்து எளிய முகக்கவசம் செய்வித்தார். அதனை ஏற்காதவரும் இருந்தனர். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெனி, இளைஞரான வூவின் கருத்தை மறுத்தார். முகக்கவசமின்றியே நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அந்நோயே அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் முகக்கவசத்தை எவரும் எள்ளவில்லை.

நோயாளிகளோடு பழகியவர்கள் இரயில் பெட்டிகளில் தனித்து வைக்கப்பட்டனர். போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. ஆயினும் வேறோர் இடர் இருந்தது. உறைபனியில் நிலம் இறுகிக் குழி வெட்ட இயலாமற்போனதால், 2,000க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் திறந்தவெளியில் கிடந்தன. முன்னோரைப் புதைத்துப் போற்றும் மக்களிடையே பிணங்களை எரிப்பது எளிதன்று. வூ லியென் தே பேரரசின் அனுமதியை வேண்டிப் பெற்றார். 1911 ஜனவரி 31ஆம் நாள் தகனம் நடந்தது. மார்ச் முதல் நாளுக்குப் பின் ஹார்பினில் புதிய நோயாளி எவருமில்லை. அதற்குள் மஞ்சூரியா எங்கும் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டிருந்தனர்.

1937இல் அவர் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண மருத்துவராகத் தொழில் நடத்தினார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் பினாங்கில் காலமானார்.

அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2020இல் கோவிட்-19 பரவியது. நம் ஜொகூர் மாநிலத் தோட்டப் பள்ளிகளும் மூடப்பட்டன. பள்ளி மீண்டும் திறந்தபோது உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் முகக்கவசம் அணிந்து வரிசையில் நின்றனர். நாங்களும் முகக்கவசத்தோடு, கடைசி வரிசைக்கும் எட்டுமாறு உரக்கப் பாடம் நடத்தித் தொண்டை வறண்டோம். பினாங்கில் பிறந்த அவர்தம் பணி அன்று எங்கள் நினைவுக்கு வந்தது.

மாணவர்களே! நம் மூச்சு நமக்கு மட்டும் உரியதன்று. அருகில் அமர்ந்திருப்பவரும் அதே காற்றைத்தான் உள்ளிழுக்கிறார். இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். நுரையீரல் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் மனனம் செய்யாமல், பொருளுணர்ந்து படியுங்கள். அதை உணர்ந்து படித்த ஒருவரால் ஒரு நகரமே பிழைத்தது. அத்தகைய ஒருவர் நம் தோட்டப் பள்ளியிலிருந்தும் தோன்றுவாராக!