ஹெல்மெட் கட்டாயம் ஆனது எப்படி? லாரன்ஸ் ஆஃப் அரேபியா மரணமும் ஒரு மூளை டாக்டரும்

1935 மே 13. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு கிராமத்து ரோடு. பைக்கில் வேகமாக வந்தவர், முன்னால் சைக்கிளில் போன இரண்டு பையன்களைக் கடைசி நொடியில்தான் பார்த்தார். அவர்கள் மேல் மோதக் கூடாதுன்னு வண்டியை ஒடித்தார். தூக்கி வீசப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை.

அவர் டி.இ.லாரன்ஸ். முதல் உலகப்போரில் துருக்கிக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பங்கெடுத்து, லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று உலகமே பேசிய ஆள். ஆறு நாள் நினைவு திரும்பவே இல்லை. மே 19-ல் இறந்துபோனார். வயது 46.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட டாக்டர்களில் ஒருவர், மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். இன்றைக்கு நீங்கள் பைக்கை எடுக்கும்போது ஹெல்மெட்டைத் தேடுறீங்கன்னா, அதற்குப் பின்னால் இவருடைய வேலையும் இருக்கிறது.

யார் இந்த கெய்ர்ன்ஸ்?

1896-ல் ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரி என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அடிலெய்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும்போதே முதல் உலகப்போர் வந்துவிட்டது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து போனார். போர் முடிந்ததும் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே படிப்போடு படகுப் போட்டியும் உண்டு. 1920-ல் கேம்பிரிட்ஜுக்கு எதிராக ஆக்ஸ்ஃபோர்டு அணியில் துடுப்பு போட்டவர்களில் இவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில் மூளை ஆபரேஷன் என்றால் அமெரிக்காவின் ஹார்வி குஷிங்தான். 1926-ல் பாஸ்டனுக்குப் போய் அவரிடம் தொழில் கற்றார் கெய்ர்ன்ஸ். லண்டனுக்குத் திரும்பி வந்து மூளை ஆபரேஷனைத் தனித் துறையாகவே வளர்த்தார். 1937-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார்.

லாரன்ஸ் இறந்தார், உடனே கெய்ர்ன்ஸ் ஹெல்மெட்டைக் கண்டுபிடித்தார் என்று சமூக வலைதளங்களில் கதை சுற்றும். அது அவ்வளவு சரி கிடையாது. ஹெல்மெட் முன்னாடியே இருந்தது. பந்தய வீரர்கள் 1914-லேயே அதைப் போட வேண்டியிருந்தது. சாதாரண ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அது எதற்கு என்பதுதான் அன்றைய எண்ணம். அந்த எண்ணம் தப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டியதுதான் கெய்ர்ன்ஸ் செய்த காரியம். அதுவும் லாரன்ஸ் இறந்து ஆறு வருஷம் கழித்து.

2,279 மரணங்கள், 7 ஹெல்மெட்கள்

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் பிரிட்டனில் ராத்திரியில் விளக்கு போடக் கூடாது. குண்டு போட வரும் ஜெர்மன் விமானங்களுக்கு ஊர் தெரியக் கூடாதே! இருட்டு ரோட்டில் ராணுவத் தகவல்களைச் சுமந்துகொண்டு பைக்கில் பறந்த இளைஞர்கள் வரிசையாக விபத்தில் சிக்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தலைக்காயத்துக்கு என்றே ராணுவ மருத்துவமனை நடத்திய கெய்ர்ன்ஸிடம் பலர் வந்து சேர்ந்தார்கள்.

அவர் ஆபரேஷன் செய்வதோடு நிறுத்தவில்லை. 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். போரின் முதல் 21 மாதத்தில் பிரிட்டனில் 2,279 பேர் பைக் விபத்தில் இறந்திருந்தார்கள். ஓட்டியவர்கள், பின்னால் உட்கார்ந்தவர்கள் இருவரும் இந்தக் கணக்கில் உண்டு. உயிர் போனதற்குப் பெரும்பாலும் தலைக்காயமே காரணம்.

சரி, ஹெல்மெட் போட்டு விபத்தில் சிக்கியவர்கள்? அவர் கண்ணில் பட்டது ஏழே பேர். ஏழு பேருமே உயிர் பிழைத்தார்கள். ஏழு என்பது ரொம்பச் சின்ன எண்தான். ஆனால் ராணுவத்துக்கு அது போதுமாக இருந்தது. அடுத்த மாதமே, பணியில் பைக் ஓட்டும் எல்லா வீரர்களும் ஹெல்மெட் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதற்கப்புறமும் அவர் விடவில்லை. ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து 1943-ல் அடுத்த கட்டுரை. இந்த ஹோல்போர்ன், ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து, தலை சுழன்று அடிபடும்போது உள்ளே என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர். 1946-ல் கெய்ர்ன்ஸ் மறுபடி மாதவாரியாக மரணக் கணக்கை வெளியிட்டார். ராணுவ உத்தரவுக்குப் பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்திருந்தது. பெட்ரோல் ரேஷனும் ஒரு காரணம்தான். ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிந்தது.

இடையில் இன்னொரு பிரபலமும் இவரிடம் வந்தார். 1945 டிசம்பரில் ஜெர்மனியில் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த அமெரிக்க ஜெனரல் பாட்டன். கெய்ர்ன்ஸ் விமானத்தில் போய்ப் பார்த்தார். பாட்டனையும் காப்பாற்ற முடியவில்லை.

சட்டம் வந்தபோது அவர் இல்லை

வீரர்களுக்கு உத்தரவு போடலாம். பொதுமக்களுக்கு? 1952 ஜூலை 18-ல் புற்றுநோயால் கெய்ர்ன்ஸ் இறந்தார். வயது 56. அதுவரை உலகில் எங்கேயும் எல்லா பைக் ஓட்டிகளுக்கும் கட்டாயச் சட்டம் வரவில்லை. முதலில் கொண்டுவந்தது அவர் பிறந்த நாடான ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1961-ல். பிரிட்டனில் 1973 வரை இழுத்தது. தலை என்னுடையது, அரசாங்கத்துக்கு என்ன என்ற வாதம் நாடாளுமன்றம் வரை போனது. முதல் கட்டுரைக்கும் சட்டத்துக்கும் நடுவே 32 வருஷம்.

ஏழை, நடுத்தர நாடுகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிசு. அங்கே குடும்பத்தின் ஒரே வண்டியே பைக்தான். வியட்நாமில் ஹெல்மெட் விதி பேருக்கு இருந்தது, அதுவும் சில ரோடுகளுக்கு மட்டும். கனமான ஹெல்மெட்டை ரைஸ் குக்கர் என்று கிண்டல் அடித்தார்கள். 2007 டிசம்பர் 15 முதல் எல்லா ரோட்டுக்கும், எல்லாருக்கும் என்று கறாராக அமல்படுத்தினார்கள். கணக்கெடுத்த இடங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தலையில் ஹெல்மெட்!

இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவிலேயே ஹெல்மெட் இருக்கிறது. அப்படியும் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான், 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கெடுபிடி வந்தது. கடைகளில் கூட்டம் அலைமோதியது. கொஞ்ச நாள் கழித்து அதே ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேலும், கண்ணாடியிலும் தொங்க ஆரம்பித்தது. போலீஸைப் பார்த்தால் மட்டும் தலைக்கு ஏறும்! வேர்க்குது, முடி கொட்டுது, பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. போட்டாலும் தாடைக்குக் கீழே கிளிப்பை மாட்டாமல் விட்டால், விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

2022-ல் மட்டும் ஹெல்மெட் போடாமல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 50,029 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. இதில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்களே இல்லை, பின்னால் உட்கார்ந்து போனவர்கள்.