புரூனோ டாவுட்

புரூனோ டாவுட் (மே 4, 1880 – டிசம்பர் 24, 1938) ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு கட்டிடக் கலைஞரும், நகரத் திட்டமிடலாளரும், நூலாசிரியரும் ஆவார். நவீன கட்டிடக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான இவர், தொழிலாளர்களுக்கான வீடமைப்புத் திட்டங்களுக்காகப் பெயர் பெற்றவர். பெர்லின் நகரின் பிரிட்ஸ் பகுதியில் உள்ள குதிரை லாடக் குடியிருப்பு இவரது மிகப் புகழ்பெற்ற ஆக்கமாகும். நவீன கட்டிடக்கலை என்றதும் வெண்ணிறச் சுவர்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. டாவுட் இதற்கு மாறாக, நிறத்தை வீட்டின் இன்றியமையாத கூறாகக் கருதினார். குறைந்த வருமானம் உடையோரின் வீடுகளுக்கும் அழகு வேண்டும் என்பதும், அதனைக் குறைந்த செலவில் தரக்கூடியது நிறமே என்பதும் இவரது கொள்கையாக இருந்தது.

இளமைக்காலம்

டாவுட் அன்றைய கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இந்நகரம் இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவில் உள்ளது. இவரது தம்பி மாக்ஸ் டாவுட்டும் பின்னாளில் அறியப்பட்ட கட்டிடக் கலைஞரானார். பிறந்த ஊரிலேயே கட்டிடத் தொழிற்கல்வி பெற்ற புரூனோ, பின்னர் ஸ்டுட்கார்ட்டில் தியோடர் பிஷர் என்னும் கட்டிடக் கலைஞரிடம் பணியாற்றினார். 1909 இல் பிரான்ஸ் ஹாஃப்மன் என்பவருடன் சேர்ந்து பெர்லினில் சொந்த அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். மாக்ஸ் டாவுட்டும் பின்னர் இதில் இணைந்தார்.

தொடக்ககால ஆக்கங்கள்

பெர்லினின் புறநகரில் 1913 இல் கட்டத் தொடங்கப்பட்ட பால்கன்பெர்க் பூங்கா நகரமே இவரது முதல் முக்கிய குடியிருப்புத் திட்டமாகும். எளிய அமைப்புடைய இவ்வரிசை வீடுகளுக்கு அவர் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை போன்ற அழுத்தமான நிறங்களைப் பூசச் செய்தார். இதனால் மக்கள் இதனை வண்ணப்பெட்டிக் குடியிருப்பு என அழைத்தனர்.

1914 இல் கொலோன் நகரில் நடைபெற்ற கண்காட்சி ஒன்றுக்காக, கண்ணாடித் தொழில்துறையின் ஆதரவுடன் இவர் அமைத்த கண்ணாடி மண்டபம் இவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. வண்ணக் கண்ணாடிகளால் ஆன குவிமாடத்தைக் கொண்டிருந்த இம்மண்டபம், கண்காட்சிக்குப் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. போரை எதிர்த்தவரான டாவுட், முதலாம் உலகப் போர்க் காலத்தில் கட்டுவதற்கு வாய்ப்பின்றி, கற்பனை நகரங்களை வரைவதிலும் எழுதுவதிலும் ஈடுபட்டார். ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களைக் கண்ணாடிக் கட்டிடங்களால் அணிசெய்வதாகக் கற்பனை செய்யும் இவரது நூல் 1919 இல் வெளியானது. 1921 முதல் 1924 வரை மக்டெபர்க் நகரின் தலைமைக் கட்டிடக் கலைஞராகப் பணிபுரிந்தபோது, நகரின் பழைய வீதிகளிலிருந்த கட்டிடங்களுக்கு வண்ணம் பூசச் செய்தார். இது பலத்த விவாதத்துக்கு உள்ளானது.

பெர்லின் வீடமைப்புத் திட்டங்கள்

அக்காலப் பெர்லினில் தொழிலாளர் குடும்பங்களிற் பெரும்பாலானவை, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்ட உள்முற்றங்களைக் கொண்ட வாடகைக் கட்டிடங்களில் நெருக்கமாக வாழ்ந்தன. 1853 ஆம் ஆண்டின் கட்டிட விதி, தீயணைப்பு வண்டி திரும்புவதற்குத் தேவையான சுமார் 5.3 மீட்டர் அகல முற்றத்தையே கட்டாயமாக்கியிருந்தது. எனவே கீழ்த்தள அறைகளுக்குச் சூரிய ஒளி அரிதாகவே கிடைத்தது. போருக்குப் பின்னர் வீட்டுப் பற்றாக்குறை மேலும் கடுமையாகியது.

1923 ஆம் ஆண்டின் பணவீக்கத்தால் பழைய வீட்டு உரிமையாளர்களின் கடன்கள் ஏறத்தாழ இல்லாமற் போயின. இந்த ஆதாயத்தின் மீது 1924 இல் அரசு ஒரு வரியை விதித்து, அதன் ஒரு பகுதியைப் புதிய வீடுகள் கட்டுவதற்கு ஒதுக்கியது. அதே ஆண்டில் தொழிற்சங்கங்கள் முதலியவற்றின் ஆதரவுடன் கெஹாக் என்னும் பொதுநல வீடமைப்பு நிறுவனம் உருவாக்கப்பட்டது. டாவுட் அதன் தலைமைக் கட்டிடக் கலைஞரானார். அடுத்த எட்டு ஆண்டுகளுள் 10,000க்கு மேற்பட்ட வீடுகள் இவரது வடிவமைப்பில் பெர்லினில் எழுந்தன. ஷில்லர் பூங்காக் குடியிருப்பு, செலண்டார்ப் வனக் குடியிருப்பு, கார்ல் லேகின் குடியிருப்பு என்பன இவற்றுட் சிலவாகும்.

குதிரை லாடக் குடியிருப்பு

பழைய பண்ணை நிலம் ஒன்றில் 1925 இல் தொடங்கப்பட்ட இக்குடியிருப்பை டாவுட், மார்ட்டின் வாக்னர் என்னும் கட்டிடக் கலைஞருடன் இணைந்து உருவாக்கினார். இதில் ஏறத்தாழ 2,000 வீடுகள் உள்ளன. இதன் மையமாக அமைந்திருப்பது சுமார் 350 மீட்டர் நீளம் கொண்ட, குதிரை லாட வடிவில் வளைந்து செல்லும் மூன்று மாடிக் கட்டிடம் ஆகும். அங்கு இயற்கையாகவே ஒரு பள்ளமும் குளமும் இருந்தன. டாவுட் அப்பள்ளத்தை நிரப்பாமல், அதனைச் சுற்றியே கட்டிடத்தை அமைத்தார். கட்டிடத்தை ஒட்டிக் குடியிருப்போரின் சிறு தோட்டங்களும், நடுவே அனைவருக்கும் பொதுவான பசும்வெளியும் உள்ளன.

செலவைக் குறைப்பதற்காக ஒரு சில வகை வீடுகளே திரும்பத் திரும்பக் கட்டப்பட்டன. எனினும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சமையலறை, குளியலறை, மாடம் அல்லது தோட்டம் என்பன கிடைத்தன. ஒரே மாதிரியான வீடுகளின் சலிப்பை நீக்குவதற்கு டாவுட் நிறத்தையே பயன்படுத்தினார். சூரிய ஒளி விழும் திசை, வீதியின் அகலம் என்பவற்றைக் கருத்திற் கொண்டு வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய நிறங்கள் தெரிவு செய்யப்பட்டன. முதன்மை வீதியை நோக்கியிருந்த நீண்ட கட்டிட வரிசை ஆழ்ந்த சிவப்பு நிறம் பூசப்பட்டு, சிவப்பு முன்னணி எனப் பெயர் பெற்றது. எதிர்ப்புறத்தில் வேறொரு நிறுவனம் சரிந்த கூரைகளுடன் மரபு வழியிலான வீடுகளைக் கட்டியிருந்தது. தட்டைக் கூரையா சரிந்த கூரையா என்பது அந்நாளில் ஓர் அரசியற் கேள்வியாகவும் ஆகியிருந்தது.

இத்திட்டம் தன் நோக்கத்தை முழுமையாக எட்டியது எனக் கூறமுடியாது. வாடகை சாதாரணத் தொழிலாளரின் வருமானத்துக்கு எட்டாததாகவே இருந்தது. திறன்பெற்ற தொழிலாளர்கள், எழுத்தர்கள், அரசு ஊழியர்கள் முதலியோரே பெரும்பாலும் இங்கு குடியேறினர்.

நாடு நீங்கல்

1932 இல் பணி நிமித்தம் மாஸ்கோ சென்ற டாவுட், அங்கு ஏமாற்றமடைந்து 1933 பெப்ரவரியில் பெர்லினுக்குத் திரும்பினார். அப்போது நாசிக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. கைது செய்யப்படும் அபாயம் ஏற்படவே, சில நாட்களிலேயே அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். அவரது பேராசிரியர் பதவியும் பறிக்கப்பட்டது. கெஹாக் நிறுவனம் நாசிகளின் தொழிலாளர் அமைப்பின் கைக்குச் சென்றது. குதிரை லாடக் குடியிருப்பில் வாழ்ந்த எழுத்தாளர் எரிக் மூசாம் கைது செய்யப்பட்டு, 1934 இல் வதைமுகாமில் கொல்லப்பட்டார்.

டாவுட் 1933 மே மாதம் ஜப்பானை அடைந்தார். கியோத்தோவில் உள்ள கட்சுரா மாளிகையின் எளிமை அவரை வெகுவாகக் கவர்ந்தது. ஜப்பானிய வீடுகள் பற்றிய இவரது நூல்கள் அம்மரபை மேலை நாட்டினருக்கு அறிமுகப்படுத்தின. ஆயினும் கட்டிடம் கட்டும் வாய்ப்புக்கள் அங்கு மிக அரிதாகவே கிடைத்தன. 1936 இல் துருக்கி அரசின் அழைப்பை ஏற்று இஸ்தான்புல் நுண்கலைக் கழகத்தில் பேராசிரியரானார். அங்காராப் பல்கலைக்கழகத்தின் மொழி, வரலாறு, புவியியல் துறைக் கட்டிடம் உட்படப் பல கல்விக் கட்டிடங்களை வடிவமைத்தார். 1938 நவம்பரில் அத்தாதுர்க் இறந்தபோது, அவரது உடலை வைப்பதற்கான மேடையை வடிவமைத்தவரும் இவரே. அடுத்த மாதம் தமது 58 ஆவது வயதில் இஸ்தான்புல்லில் காலமானார். எதிர்னேகப்பி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். 1933 க்குப் பின்னர் தாம் கட்டிய குடியிருப்புக்களை அவர் மீண்டும் காணவில்லை.

மரபுரிமை

டாவுட்டின் பெர்லின் குடியிருப்புக்கள் பெரும்பாலும் போரில் தப்பின. ஆனால் காலப்போக்கில் பல சுவர்கள் மூல நிறத்தை இழந்தன. 1980களில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளின் மூலம் பூச்சு அடுக்குகளின் அடியிலிருந்து மூல நிறங்கள் அடையாளம் காணப்பட்டு, சீரமைப்புப் பணிகள் நடைபெற்றன. குதிரை லாடக் குடியிருப்பு 1986 இல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 2008 இல் யுனெஸ்கோ, பெர்லினின் ஆறு நவீனகாலக் குடியிருப்புக்களை உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது. அவற்றுள் நான்கு டாவுட்டின் வடிவமைப்பில் உருவானவை.

இதற்கிடையே, 1998 இல் பெர்லின் மாநிலம் கெஹாக் நிறுவனத்தில் தனக்கிருந்த பெரும்பான்மைப் பங்கை விற்றது. அதன்பின் வரிசை வீடுகள் பல தனித்தனியாகத் தனியாருக்கு விற்கப்பட்டன. ஒரே நிறுவனத்தின் கீழ்ப் பொதுச் சொத்தாகத் திட்டமிடப்பட்ட குடியிருப்பில் இவ்வாறு உரிமையாளர்கள் பலராயினர். கதவு, சாளரம், சுவர் நிறம் என்பவற்றின் ஒருமையைக் காப்பது இதனால் கடினமான பணியாகியுள்ளது.