சிறைக் கதவினூடே வளர்ந்த பத்திரிகை

ஜோன் பீற்றர் செங்கரை அறிவீர்களா? 1697இல் ஜேர்மனியிற் பிறந்து, 1710இல் அமெரிக்கா சேர்ந்து, அச்சுத்தொழில் பயின்றவர் அவர். 1733இல் அவர் அச்சிடத் தொடங்கிய ‘நியூயோர்க் வீக்லி ஜேர்னல்’ தேசாதிபதி கொஸ்பியைத் துணிந்து கண்டித்தது. 1734 நவம்பரில் செங்கர் சிறைப்பட்டார். கட்டுரைகளை எழுதியோர் வேறு சிலர். அவர்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. சிறைக் கதவின் துவாரத்தினூடே அவர் சொல்லச் சொல்ல, மனைவி அன்னா பத்திரிகையை நடத்தினார். ஓர் இதழே தவறியது.

உண்மையாயினும் அரசைப் பழித்தெழுதுவது குற்றம் என்பதே அன்றைய சட்டம். பிலடெல்பியாவிலிருந்து வந்த முதிய சட்டத்தரணி அன்ட்ரூ ஹமில்ற்றன், உண்மை குற்றமாகாதென வாதாடினார். 1735 ஓகஸ்ட் 4ஆம் திகதி 12 ஜூரிமாரும் செங்கரை விடுவித்தனர். 1746இல் அவர் காலமானார்.

சட்டம் உடனே மாறவில்லை, அச்சம் தெளிந்தது. பத்திரிகையை விரிக்கும்போது, எழுதியவரோடு அச்சிட்டவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.