படுக்கையிலும் நன்றி மறவாத அம்மையார்

அயர்லாந்தில் பிறந்து, நெல்லைச் சீமையில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயாக வாழ்ந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

1867 டிசம்பர் 16-ந் தேதி வடக்கு அயர்லாந்தில் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் அவர் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தந்தை மாவு ஆலை நடத்தி வந்தார். தொழில் நொடித்தது. 1885-ல் தந்தையும் காலமானார். அம்மையாருக்கு நரம்பு வலி வேறு. சீனா சென்று ஊழியம் செய்ய விரும்பினார். உடல்நிலை சரியில்லை என்று அனுப்ப மறுத்துவிட்டார்கள்.

1895-ல் பெங்களூர் வந்து சேர்ந்தார். பிறகு திருநெல்வேலிக்குச் சென்று, தமிழ் கற்று, சேலை உடுத்தி, ஊர் ஊராகச் சென்றார்.

1901 மார்ச் மாதம், பொட்டுக் கட்டுவதற்காக ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று தொடங்கிய பணியே டோனாவூர் இல்லமாக வளர்ந்தது. அம்மையார் யாரிடமும் நன்கொடை கேட்டதில்லை. வந்ததை நன்றியோடு பெற்றுக் கொண்டார்.

துக்கங்கள் தொடர்ந்தன. அவருக்குத் தமிழ் கற்பித்த தாமஸ் வாக்கர் 1912-ல் ஆந்திராவில் மசூலிப்பட்டணத்தில் காலமானார். வலது கரமாக விளங்கிய பொன்னம்மாள் 1915-ல் புற்றுநோயால் மாண்டார். பணி நிற்கவில்லை.

1931 அக்டோபர் 24-ந் தேதி, களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனார். மாலை இருட்டில், அங்கே வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. முதுகும் பாதிக்கப்பட்டது. அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழிந்தன.

அந்த அறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். நோயாளிகளுக்கான நூல்கள் பலவும் நலமாக இருப்பவர்கள் எழுதியவை என்று கண்டு, நோயாளியாகிய தாமே நோயாளிகளுக்கு எழுதினார். வலி இல்லை என்று நடிக்கவில்லை. தூக்கமற்ற இரவுகளை மறைக்கவில்லை. எனக்கு ஏன் இப்படி என்ற கேள்விக்கு விடை கிடைக்காவிட்டாலும், தேவன் அனுமதித்ததை ஏற்றுக் கொள்வதில் சமாதானம் உண்டு என்று நம்பினார். அந்த நம்பிக்கையிலிருந்தே அவருடைய நன்றி பிறந்தது.

1951 ஜனவரி 18-ந் தேதி டோனாவூரில் உயிர் நீத்தார். இந்தியாவுக்கு வந்த 55 ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. வந்த ஊரையே சொந்த ஊராக ஏற்றுக் கொண்டார்.

தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவ்வாறே கல் நாட்டாமல், பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்தார்கள். அதில் பொறித்திருப்பது அம்மா என்ற ஒரே சொல்.