சாலார் ஜங்கின் கத்திகள்

பழம் நறுக்க ஒரு கத்தி வேண்டுமென்றால் சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதே வேலைக்கென அமைந்த கத்தி ஒன்று மணிகள் இழைத்த பச்சைக்கல் வேலைப்பாட்டுடன் விளங்கி, மொகலாயப் பேரரசி நூர்ஜஹானுடையது என்ற பெயரும் பெற்றுவிட்டால் அதன் விலை என்ன? விற்பதற்காக இக்கேள்வியைக் கேட்போர் பலர். வாங்கி வைத்து நாளும் கண்டு மகிழ்வதற்காகக் கேட்டவர்களுள் நம் நாட்டில் முதல்வராக எண்ணத்தக்கவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த மூன்றாம் சாலார் ஜங்.

அவரது இயற்பெயர் மீர் யூசுப் அலிகான். 1889-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் புனாவில் பிறந்தார். பிறந்து ஒரு மாதம் நிறையுமுன்பே தந்தையை இழந்தார். பாட்டனார் முதலாம் சாலார் ஜங், முப்பதாண்டுகள் ஹைதராபாத்தின் திவானாக இருந்து ஆட்சியைச் சீர்திருத்திய பெருந்தகை. முகத்திரை அணிந்த ரெபெக்காவின் சலவைக்கல் சிலையை 1876-இல் ரோம் நகரில் வாங்கி வந்தவரும் அவரே. ஆகவே, சேர்க்கும் ஆசை பேரனுக்குக் குடும்பச் சொத்தாகவே வாய்த்தது எனலாம்.

1912-இல் ஏழாம் நிஜாம் உஸ்மான் அலிகான் இவரைத் திவானாக்கினார். அப்போது இவருக்கு வயது இருபத்து மூன்று. 1914-இல் பதவியைத் துறந்தார். அதன்பின் எஞ்சிய முப்பத்தைந்து ஆண்டுகளும் சேகரிப்பதிலேயே கழிந்தன. திருமணமும் செய்துகொள்ளவில்லை. கடிகாரங்கள், பீங்கான்கள், ஓவியங்கள், பிதரி வேலைப்பாடுகள், ஓலைச்சுவடிகள், கைத்தடிகள் என்று திவான் தேவடி மாளிகை நிரம்பி வழிந்தது.

அவற்றுள் கத்திகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜஹாங்கீருடையது என வழங்கும் குறுவாளும் நூர்ஜஹானின் பழக்கத்தியும் அங்கு உள்ளன. இத்தகைய கத்திகளில் பயன்படும் ஜேடு என்னும் கல்லைச் சாதாரண எஃகு கொண்டு செதுக்க இயலாது. குருந்தக்கல் பொடியை நீரில் குழைத்துத் தடவிச் சுழல்சக்கரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்தே வடிவம் காண வேண்டும். (குருந்தம் என்னும் நம் சொல்லே மேனாட்டு அறிவியலில் கொரண்டம் ஆயிற்று.) பின்னர்க் கல்லில் பள்ளம் தோண்டி, தூய பொன் தகட்டை அழுத்தி, அதனிடையே மாணிக்கமும் மரகதமும் பதிப்பர். தீயில் வைத்து ஒட்டுவதில்லை. தூய பொன்னின் மென்மையே மணியைப் பற்றிக்கொள்ளும். இவ்வளவு உழைப்பும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. அதைக் காசாக மட்டும் எண்ணுபவனுக்கு மணிகளின் எடை தெரியும். கல் தேய்த்தவனின் கை தெரியாது.

வாங்கியன யாவும் உயர்ந்தவையல்ல. ஐரோப்பிய ஓவியங்கள், சிலைகள் பலவற்றின் படிகளும் அவற்றிடையே உண்டு. இலாபக் கணக்குப் பார்க்கும் வணிகன் அவற்றை ஒதுக்கியிருப்பான். இவரோ கண்ணுக்குப் பிடித்ததை வாங்கினார். அந்தப் பணம் ஜாகீர் கிராமங்களின் உழவர்கள் செலுத்திய வரி என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இவருடைய மன்னரோ வேறு வகையினர். உலகின் பெருஞ்செல்வர் எனப் பெயர் பெற்ற ஏழாம் நிஜாம், ஜேக்கப் வைரத்தைத் தாள்கள் பறவாமல் மேலே வைக்கும் கல்லாகப் பயன்படுத்தியதாகச் சொல்வர். அவர் குடும்பத்து நகைகள் நெடுங்காலம் வங்கிப் பெட்டகத்தில் கிடந்தன. 1995-இல் இந்திய அரசு 173 நகைகளை ஏறத்தாழ 218 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய பிறகே பொதுமக்கள் அவற்றைக் காண முடிந்தது.

சாலார் ஜங் 1949 மார்ச் 2-ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டில் ஜாகீர் முறையும் ஒழிந்தது. நேர்வாரிசு இல்லை, உறவினரோ பலர். பங்கு பிரித்து ஏலமிட்டிருந்தால் பழக்கத்தி ஒரு நாட்டுக்கும் குறுவாள் மற்றொரு நாட்டுக்கும் போயிருக்கும். அவ்வாறு நேரவில்லை. கலை விமரிசகர் ஜேம்ஸ் கசின்ஸ் மாளிகைகளில் சிதறிக் கிடந்தவற்றை ஒழுங்குபடுத்த, 1951 டிசம்பர் 16-ஆம் நாள் திவான் தேவடியிலேயே காட்சிசாலையை நேரு திறந்துவைத்தார். பின்னர் வாரிசுகளும் உடன்பட, சேகரிப்பு நாட்டுடைமையாயிற்று. 1961-இல் நாடாளுமன்றம் இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 1968-இல் மூசி நதிக்கரையில் புதிய கட்டடத்துக்கு மாறியது.

ஹைதராபாத் செல்லும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. மணிக்கொரு முறை பொம்மை வந்து மணியடிக்கும் கடிகாரத்தின்முன் கூட்டம் திரளும். ஜேடு அறையை நெருக்கடியின்றிக் காண அந்நேரமே ஏற்றது.